முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு எந்த பிசினஸ் கிளாஸ் சரிப்படும்?

ஜனவரியில் அம்மாவைச் சென்னையிலிருந்து நியூயார்க் கூட்டிப் போகிறேன். வயது 71, முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. காலை நீட்டிப் படுக்க வேண்டும், கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும். ஷாம்பெயின், பார் எல்லாம் எங்களுக்கு எதற்கு?

தோஹா வழி என்றால் கத்தார் ஏர்வேஸின் கியூசூட் என்ற பிசினஸ் கிளாஸ். நடுவில் இரண்டு இருக்கைகளைச் சேர்த்து ஒரே படுக்கையாக்கலாம், கதவும் உண்டு. ஆனால் அந்த ஜோடி விமானத்தின் வால் பக்கம் பார்த்தபடி இருக்கும். அப்படி உட்கார்ந்து போனவர்கள் சொல்லுங்கள், புறப்படும்போது தலை சுற்றுமா?

துபாய் வழி எமிரேட்ஸின் ஏ380 விமானத்தில் 1-2-1 அமைப்பு, அதாவது வரிசையில் இரு ஓரமும் ஒவ்வோர் இருக்கை, நடுவில் இரண்டு. படுக்கும்போது கால் போகிற பொந்து குறுகல் என்கிறார்கள், வீங்கிய காலுக்கு அது போதுமா? சென்னை–துபாய் 777 விமானத்தில் பழைய 2-3-2 அமைப்பு வரலாம். நாலு மணி நேரம்தானே, சமாளிப்போம்.

சிங்கப்பூர் வழியை விட்டுவிட்டேன். அங்கிருந்தே 18 மணி நேரம், அம்மா தாங்கமாட்டார்.

பெரியவர்களோடு போய்வந்தவர்கள், எழுந்து கழிவறை போய்வர எது சுலபம் என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.