ஸ்மிர்னாவின் சாக்கா பே: அந்த நாற்பது கப்பல் யாருடையது?

அலைகடல்:
நேற்று வேறொரு இழையில் ஒருவர், "சாக்கா பே வெறும் கடற்கொள்ளைக்காரன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஒரு துருக்கியத் தலைவர்; 1081 வாக்கில் ஸ்மிர்னாவை, அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரைப் பிடித்து, மேல்தளம் போட்ட 40 கப்பல் கட்டி, லெஸ்போஸ், கியோஸ் தீவுகள் வரை கைவைத்தவர். துருக்கிக் கடற்படை இன்றும் தன் தொடக்க ஆண்டாக 1081ஐத்தான் சொல்கிறது. கொள்ளைக்காரனை வைத்தா ஒரு நாடு ஆண்டுக் கணக்கு போடும்?

பழைய ஏடு:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கப்பலைக் கட்டியது யார்? அந்தத் தொழில் தெரிந்த ஸ்மிர்னாக்காரர் ஒருவர். அன்னா கொம்னீனே தெளிவாக எழுதியிருக்கிறார். ஊர்க்காரர் கட்டிய கப்பல் எப்படித் துருக்கியக் கடற்படை ஆகும்?

அலைகடல்:
அன்னா யார்? சாக்காவோடு மோதிய பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸின் மகள். அப்பாவின் எதிரியைப் பற்றி நல்லதாகவா எழுதுவார்? கொத்தனார் கட்டினால் வீடு கொத்தனாருக்கா சொந்தம்?

பழைய ஏடு:
நீங்கள் சொன்ன 40 என்ற எண்ணும் அதே அன்னா எழுதியதுதான். எண்ணுக்கு அவர் வேண்டும், கட்டியவரைச் சொன்னால் மட்டும் வேண்டாமா?

மலைநாடன்:
முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். அது சாக்கா இல்லை, சாகா.

அலைகடல்:
சாகா என்று எழுதினால் சாகாதவர் என்றுதான் படிப்பார்கள். எழுத்துப் பிழை பார்ப்பதற்கு முன், மன்சிக்கர்ட் போர் பற்றிய இழையில் பைசாந்தியப் பேரரசர் ரோமானோஸ் போரிலேயே செத்தார் என்று எழுதியது யார் என்று பாருங்கள். 1071இல் அவர் பிடிபட்டார், ஐயா. சாகவில்லை.

மலைநாடன்:
அதை அன்றே திருத்திவிட்டேன். இன்னும் எத்தனை நாள் சொல்லிக்காட்டுவீர்கள்?

அலைகடல்:
சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாக்கா தன்னைப் பேரரசர் என்றே அழைத்துக்கொண்டார். மகளை செல்ஜுக் துருக்கிய சுல்தான் கிலிச் அர்சலானுக்குக் கட்டிக்கொடுத்தார். டார்டனெல்ஸ் நீரிணைக் கரையில் இருந்த பைசாந்திய ஊரான அபிடோஸை அவர் முற்றுகையிட்டபோது அலெக்சியோஸ் என்ன செய்தார்? உன் மாமனாரின் கண் உன் ராஜ்ஜியத்தின் மேல்தான் என்று சுல்தானுக்குக் கடிதம் எழுதினார். மருமகன் மாமனாரை விருந்துக்கு உட்காரவைத்து, மது ஊற்றிக் கொடுத்து, வாளை உருவி விலாவில் குத்தினான். வெறும் கொள்ளைக்காரனை ஒழிக்க ஒரு பேரரசர் சுல்தானிடம் போய் நிற்பாரா?

பழைய ஏடு:
இந்த விருந்துக் கதையும் அன்னா சொன்னதே. 1097இல் அலெக்சியோஸின் தளபதி யோவான் டூகாஸ் வந்ததும் ஸ்மிர்னா கைமாறியது. மொத்தம் 16 வருஷம். இவ்வளவு எழுதியும் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. கப்பலைக் கட்டியது யார்?

அலைகடல்:
கட்டச் சொன்னது யார்?