மருந்து கட்டிய கையும் வாக்களித்த கையும்

வெளிநாட்டுப் போர்களில் உதவிக்கரம் நீட்டும் இந்தியா, அந்தப் போர்களுக்கு எதிராகவும் குரல் கொடுக்க வேண்டாமா? குமரி மாவட்டத்தைச் சேர்ந்த மூவர் பேசுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்:

எங்கள் மாவட்டத்தில் பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021இல் அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது; ஊரார் பேச்சில் இன்றும் அவை அகதி முகாம்கள்தான். பழவிளையில் மாலை வகுப்பு எடுத்த நாட்களில், என்னிடம் படித்த ஒரு சிறுவனின் தாயார் ஒருமுறை தம் இடது முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினார். தையல் போட்ட தடம் ஏணிப்படி போல வரிவரியாகத் தெரிந்தது. 2009இல் இலங்கை இறுதிப் போரின்போது புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுவரப்பட்டதாகவும், அங்கு இந்திய அரசு அமைத்திருந்த கள மருத்துவமனையில்தான் கால் காப்பாற்றப்பட்டதாகவும் அவர் சொன்னார். அந்த மருத்துவர்களை நன்றியுடன் அல்லாமல் அவர் ஒருபோதும் நினைவுகூர்ந்ததில்லை.

அதே ஆண்டு மே 27 அன்று, ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளுடன் நிறைவேறியது. சுயாதீன விசாரணை எதையும் கோராத அந்தத் தீர்மானத்தை இந்தியாவும் ஆதரித்தது. இந்தச் செய்தி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. “மருந்து கட்டினதும் அவைதான், கை தூக்கினதும் அவைதான், டீச்சர். ஆரிட்டப் போய்க் கேக்கிறது?” என்றார். 2012இலும் 2013இலும் இந்தியா இலங்கைக்கு எதிராக வாக்களித்ததையும், 2014இல் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டதையும் நான் மறக்கவில்லை. மருத்துவமனை அமைத்ததைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆனால், காயத்துக்குக் கட்டுப்போட்டவர், காயம் எப்படி வந்தது என்று கேட்காமல் இருந்தால் கடமையில் பாதியைத்தான் செய்திருக்கிறார்.

செவிலியர், மார்த்தாண்டம்:

ஏமன் தலைநகர் சனாவில் பணியாற்றிய நான், சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணி அங்கே குண்டு வீசிக்கொண்டிருந்த 2015 ஏப்ரலில் ஏர் இந்தியா விமானத்தில் ஜிபூட்டிக்கு வந்து, அங்கிருந்து கொச்சிக்குத் திரும்பினேன். அந்த மீட்புப் பணியில் 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களுடன், 41 நாடுகளைச் சேர்ந்த சுமார் 960 பேரையும் நம் அரசு வெளியேற்றியது. இதில் பெருமைப்படுவது நியாயமே. நான் புறப்படும் முன்பு, என் வார்டில் வேலைபார்த்த ஏமன் நாட்டுப் பெண் தன் குடும்பத்தார் அனைவரின் கடவுச்சீட்டு நகல்களையும் பால் கவர் ஒன்றில் சுருட்டிக் கொண்டுவந்து, பட்டியலில் சேர்க்க வழியுண்டா என்று கேட்டாள். மற்ற நாட்டவர் பலருக்காக அவரவர் அரசுகள் டெல்லியிடம் கேட்டிருந்தன. அவளுக்காகக் கேட்க யாருமில்லை. எல்லோரையும் விமானத்தில் ஏற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். குண்டு வீசுவதை நிறுத்துங்கள் என்று உரக்கச் சொல்வதற்கு விமானம் தேவையில்லையே.

வழக்கறிஞர், தக்கலை:

இந்தப் போர்களைப் பற்றி அரசு ஏன் பேசுவதில்லை என்று கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும்: வளைகுடாவிலும் இஸ்ரேலிலும் நம்மவர்கள் வேலை பார்க்கிறார்கள், ஆகவே அரசு வாயைத் திறந்தால் அவர்கள் பிழைப்பில் மண் விழும் என்பார்கள். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பகுதியில் இது எளிதாக எடுபடுகிறது. என் தம்பி மகனே இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருப்பதால், நானும் இதை அலட்சியமாக ஒதுக்கவில்லை. பன்னாட்டு அமைதிக்கு அரசு முயல வேண்டும் என்கிற அரசமைப்புச் சட்டத்தின் 51ஆவது உறுப்பைக் காட்டி வழக்குத் தொடரவும் வழியில்லை; அது நீதிமன்றம் வலியுறுத்த முடியாத நெறிமுறைக் கோட்பாடு. எனவே நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூலம் கேள்வி எழுப்பச் செய்வதுதான் குடிமக்களுக்கு மிஞ்சியிருக்கும் வழி.

ஆனால், அந்தப் பதிலை நடந்தவற்றோடு பொருத்திப் பாருங்கள். காசாவில் போரை நிறுத்தக் கோரி ஐ.நா. பொதுச்சபையில் 2023 அக்டோபர் 27 அன்று வந்த தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது; டிசம்பர் 12 அன்று ஆதரவாக வாக்களித்த 153 நாடுகளில் ஒன்றாக இருந்தது. 2025 ஜூனில் மறுபடியும் விலகியது. நடுவில் துணிந்து வாக்களித்ததனால், தம்பி மகனுக்கோ அவனுடன் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கோ விசா பறிபோனதாக நான் கேள்விப்படவில்லை.