அக்கா வீட்டுக்காரர் எஃப்&ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் டிரேடிங்) அக்கவுண்ட் மைனஸ்ல போய்டுச்சு, ப்ரோக்கர் ஷேரையும் வித்துட்டான், இன்னா பண்றது?

சத்துவாச்சாரி பையன்:
மாமா ராணிப்பேட்டை சிப்காட்ல டேனரில வேலை, வேலூர்ல ஒரு சப் ப்ரோக்கர் ஆபீஸ்ல அக்கவுண்ட். 2024 ஜூன் 3 எக்ஸிட் போல் ஏத்தத்துல நிஃப்டி புட் (நிஃப்டி இன்டெக்ஸ் விழுந்தா வித்தவனுக்கு நஷ்டம் ஆகுற ஆப்ஷன்) வித்து வெச்சிருக்காங்க, மறுநாள் தேர்தல் ரிசல்ட் அன்னைக்கு மார்க்கெட் விழுந்ததுல மொத்தமா காலி. ப்ளெட்ஜ்ல (அடமானமா) இருந்த ஷேரையும் வித்துட்டு இன்னும் 2.4 லட்சம் கட்டுன்றாங்க. தினம் நாலு தடவ போன் பண்ணி டிப்ஸ் குடுத்துகினு இருந்த சப் ப்ரோக்கர் இப்ப போனே எடுக்கமாட்றாரு. சொல்லாம விக்கலாமா?

பழைய டீலர்:
தம்பி, நான் டெர்மினல்ல உக்காந்து வேலை பார்த்தவன். ஜூன் 4 நிஃப்டி 23,264ல இருந்து 21,884க்கு வந்துச்சு, கிட்டத்தட்ட 6 சதவீதம், அன்னைக்கு எல்லா ஆபீஸ்லயும் இதே கூத்துதான். கிளையண்ட் கட்டுனாலும் கட்டலனாலும் மறுநாள் காலைல ப்ரோக்கர் க்ளியரிங் கார்ப்பரேஷனுக்கு (டிரேட் பணத்த செட்டில் பண்ற அமைப்பு) பணம் வெச்சாகணும், அதனால ஆர்எம்எஸ் (ரிஸ்க் பாக்கற டீம்) ஆளுங்க மார்ஜின் (டிரேடுக்கு வெக்கவேண்டிய பணம்) கம்மினு ஒரு எஸ்எம்எஸ் தட்டிட்டு பொசிஷன வெட்டிடுவாங்க, அப்பவும் பத்தலனா ப்ளெட்ஜ் ஷேர், அப்புறம் லெட்ஜர்ல டெபிட் (கிளையண்ட் தரவேண்டிய பாக்கி), அதுக்கு வட்டி (பல இடத்துல 18 சதவீதம்), கடைசியா வக்கீல் நோட்டீஸ். விக்கிறதுக்கு ப்ரோக்கருக்கு உரிமை இருக்கு, அக்கவுண்ட் ஓப்பன் பண்ணப்பவே உங்க மாமா கையெழுத்து போட்டிருப்பாரு. சப் ப்ரோக்கர் ஏன் ஓடி ஒளியறாருனா கிளையண்ட் டெபிட் நின்னா பல ஆபீஸ்ல அவரு கமிஷன்லதான் புடிப்பாங்க. இதுல எனக்கு இடிக்கிறது வேற, அந்த புட்ட விக்கச் சொன்னது யாரு?

சத்துவாச்சாரி பையன்:
அதான் அண்ணா, மாமா அன்னைக்கு டூட்டில இருந்தாரு, உள்ள போன் எடுத்துகினு போக வுடமாட்டாங்கோ. "நான் பாத்துக்கிறேன் சார்"னு சப் ப்ரோக்கர் ஆபீஸ்ல சொல்லிகினு இருந்தாராம்.

பழைய டீலர்:
அப்ப மேட்டரே அதான்! 2018ல இருந்து செபி (ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற அமைப்பு) ரூல், ஆர்டர் நீ குடுத்ததுக்கு கால் ரெக்கார்டிங்கோ மெயிலோ எஸ்எம்எஸ்ஸோ ப்ரோக்கர்கிட்ட ஆதாரம் இருக்கணும். ஜூன் 3 கான்ட்ராக்ட் நோட் (அன்னைக்கு நடந்த டிரேட் எல்லாம் இருக்கிற பில்) எடுத்து ஒவ்வொரு ஆர்டருக்கும் ரெக்கார்டிங் குடுன்னு மெயின் ப்ரோக்கருக்கு மெயில் போடு, சப் ப்ரோக்கருக்கு இல்ல. பதில் சரியில்லனா செபியோட புகார் சைட் ஸ்கோர்ஸ், அதுக்கு மேல ஆன்லைன்ல தகராறு தீர்க்கற ஸ்மார்ட் ஓடிஆர்.

ஆற்காடு மக்கன்பேடா:
ஆனா எக்ஸ்சேஞ்ச்ல இருந்து அன்னைக்கு சாயங்காலமே எஸ்எம்எஸ் வந்திருக்குமே ப்ரோ, இத்தினி நாள் ஏன் சும்மா இருந்தீங்கனு கண்டிப்பா கேப்பாங்க, அதுக்கு பதில் ரெடி பண்ணிக்கோங்க. லாபம் வந்த மாசம் யாரும் ரெக்கார்டிங் கேக்கறதில்ல, அதுவும் உண்மைதான். இன்னொன்னு, எஃப்&ஓ லாஸ் பிசினஸ் லாஸ், டைமுக்கு ரிட்டர்ன் போட்டா 8 வருஷம் கேரி ஃபார்வர்ட் பண்ணலாம் (அடுத்தடுத்த வருஷ லாபத்துல கழிச்சுக்கலாம்), ஆடிட்டர பாருங்க.

சத்துவாச்சாரி பையன்:
மெயில் போட்டோம். ஒரு மணி நேரத்துல அந்த சப் ப்ரோக்கரே போன் பண்ணி நேர்ல வாங்க பேசி முடிச்சிக்கலாம்ன்றாரு.

பழைய டீலர்:
போ, டீ குடி. பேலன்ஸ் கன்ஃபர்மேஷன்னு (பாக்கித்தொகை சரினு ஒத்துக்கிற) ஒரு பேப்பர நீட்டுவாரு, அதுல மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்க, போட்டா அந்த டிரேட எல்லாம் மாமா ஒத்துக்கிட்ட மாதிரி ஆய்டும்.