வீட்டை வங்கியில் வைத்து பைலட் படிப்புக்குப் போகலாமா?

பிறைக்காரன்:
வணக்கம். மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பிறையில் இருந்து எழுதுகிறேன். வயது 21, மெக்கட்ரானிக்ஸ் டிப்ளோமா முடித்துவிட்டு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன், இரவு ஷிப்ட். காலையில் வெளியே வரும்போது முதல் விமானங்கள் ஏறிக்கொண்டிருக்கும், மோட்டாரை ஓரமாக நிறுத்தி அது மறையும் வரை பார்த்துவிட்டுத்தான் பாலத்துக்குப் போவேன். சின்ன வயதில் இருந்தே இதைத் தவிர வேறு ஆசை கிடையாது.

விசாரித்த பைலட் பள்ளியில் சி.பி.எல் (சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசன்ஸ்), இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி), ஏ.டி.பி.எல் என்ற அடுத்த நிலை லைசன்ஸுக்கான 14 பேப்பர் எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 40 ஆயிரம் மலேசிய வெள்ளி சொன்னார்கள். தங்குவது, சாப்பாடு தனி. அப்பா லோரி ஓட்டுகிறார், அடுத்த வருடம் 55 ஆகிறது, அப்போது ஈ.பி.எஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தை எடுத்துத் தருகிறேன், பற்றாததற்கு வீட்டை வங்கியில் வைக்கலாம் என்கிறார். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. லைசன்ஸை வைத்துக்கொண்டு கிராப் வாடகைக் கார் ஓட்டும் பையன்களைத் தனக்குத் தெரியும் என்கிறார் மாமா. நான் கண்ணாடி வேறு போடுகிறேன், பவர் 3.25. ஜனவரி பேட்சுக்கு இந்த மாதமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

வலது சீட்:
தம்பி, முன்பணம் கட்டாதே. கனவை விடச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். நான் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் இருந்து ஏ320 விமானம் ஓட்டும் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி), என் அப்பாவும் கடன் வாங்கித்தான் படிக்க வைத்தார்.

முதல் வேலை கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது பைலட் வேலைக்கான உடல் பரிசோதனை. சி.ஏ.ஏ.எம் (மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும், வழக்கமான கிளினிக் சான்றிதழ் செல்லாது. கண்ணாடி பிரச்சினை இல்லை, போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும், பறக்கும்போது இன்னொரு ஜோடி கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிறப் பார்வை அப்படி இல்லை. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தைக் காட்டும்போதுதான் தனக்கு நிறக்குறைபாடு இருப்பதே பலருக்குத் தெரிகிறது. இ.சி.ஜி, காது சோதனை எல்லாம் உண்டு. சில நூறு வெள்ளியில் தெரிந்துவிடும் விஷயத்தை மூன்று லட்சம் கட்டிய பிறகு தெரிந்துகொள்ளாதே.

அடுத்தது, பள்ளி சொல்லும் தொகையோடு செலவு முடிவதில்லை. 14 பேப்பரும் பாஸ் செய்து சி.பி.எல் எடுத்தால் உன் கையில் இருப்பது ஃப்ரோஸன் ஏ.டி.பி.எல், அதாவது பேப்பர் முடிந்து மணி நேரம் பாக்கி, முழு ஏ.டி.பி.எல்லுக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், நீ பள்ளியை விட்டு வரும்போது 200-ஐ ஒட்டித்தான் இருக்கும். அப்புறம் ஏ320 அல்லது 737-க்கு டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி), அதுவும் பெரிய தொகை, நிறுவனம் கொடுத்தால் இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும் என்று பாண்ட் போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். அதனால் விமான நிறுவனங்களே கேடட் பைலட் (பயிற்சி பைலட்) எடுக்கும்போது விண்ணப்பம் போடு, எப்போதும் திறந்திருக்காது, திறக்கும்போது நீ தயாராக இருக்க வேண்டும். டிப்ளோமா, வேலை அனுபவம் எல்லாம் உனக்குப் பலம்.

செந்தூல் அக்கா:
தம்பி, என் தம்பியின் கதையைச் சொல்கிறேன். 2019 கடைசியில் லைசன்ஸ் கையில் வந்தது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தோம். மூன்று மாதத்தில் எம்.சி.ஓ என்ற கோவிட் ஊரடங்கு. அனுபவம் உள்ள கேப்டன்களே வேலை இழந்து நின்ற நேரத்தில் 200 மணி நேரப் பையனை யார் கூப்பிடுவார்கள்? வங்கி தவணையைத் தள்ளிவைத்ததே தவிரத் தள்ளுபடி செய்யவில்லை. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு சிமுலேட்டர், அதற்குத் தனிப் பணம். ஒரு தடவை என் சங்கிலியை வைத்துக் கட்டினோம். அவன் கிடங்கில் பெட்டி தூக்கினான்.

அப்பா ஒரு நாளும் அவனைக் குறை சொன்னதில்லை. ஆனால் அந்த மூன்று வருடமும் அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தில் அவன் சாப்பிட வரமாட்டான், அவர் தூங்கிய பிறகு வந்து ஆறிய சோற்றைச் சாப்பிடுவான். 2023-ல் வேலை கிடைத்தது, இப்போது பறக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான். திரும்பவும் இதே படிப்பைத்தான் எடுப்பேன், வீட்டை மட்டும் தொட்டிருக்க மாட்டேன் என்கிறான். உன் அம்மா ஏன் பேசவில்லை என்று தனியாக உட்கார்ந்து கேள், தம்பி.

பாலக்கரை:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பயந்துகொண்டே இருந்தால் எந்த வருடமும் நல்ல வருடமாகத் தெரியாது. 2014-ல் எம்.எச் 370, எம்.எச் 17 என்று இரண்டு விமானங்களை இழந்தோம், அதைத் தொடர்ந்து மலேசியா ஏர்லைன்ஸில் ஆறாயிரம் பேரைக் குறைத்தார்கள். 2020-ல் கோவிட். மைஏர்லைன் என்ற விமான நிறுவனம் 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கி 2023 அக்டோபர் 12-ல் திடீரென்று நின்றுபோனது. இத்தனைக்கு நடுவிலும் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆசை இருந்தால் போகட்டும், ஆனால் சொந்தப் பணத்தில் கொஞ்சமாவது சேர்த்துக்கொண்டு போகட்டும் என்பேன்.

வலது சீட்:
சரிதான், ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 65 வயது வரை ஓட்டலாம். 24-ல் தொடங்கினாலும் 41 வருடம் இருக்கிறது, ஜனவரி பேட்சை விட்டால் எல்லாம் போய்விட்டது என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்த இடத்தை விட்டு வந்துவிடு. கூடவே அந்தப் பள்ளியில் கடந்த இரண்டு வருடம் முடித்தவர்களை நேரில் பார்த்து, படிப்பு எத்தனை மாதம் இழுத்தது, இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேள்.

பிறைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஷிப்டுக்குப் போகும் முன் அம்மாவிடம் கேட்டேன். வீடு போனாலும் பரவாயில்லை, ஆனால் இந்த வயதுக்கு மேல் அப்பா திரும்ப இரவு லோரி ஓட்ட வேண்டி வந்தால் என்னால் தாங்க முடியாது என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

முன்பணம் கட்டவில்லை. மெடிக்கலுக்கு நாள் வாங்கிவிட்டேன், வரும் 14-ஆம் தேதி, அந்த வாரம் ஓவர்டைம் எடுக்கவில்லை, தூங்கிவிட்டுப் போகலாம் என்று. நிறப் பார்வைச் சோதனையில் பாஸானால் இங்கே வந்து சொல்கிறேன்.