'டிக்கர்' என்றால் பேரம்: தோல் வியாபாரத்தில் பிறந்த சொல்லா?

எழிலன்77: பழைய காருக்கு விலை பேசினாலும் சரி, மசோதாவுக்கு ஆதரவு கேட்டுக் கட்சிகள் இழுபறி செய்தாலும் சரி, அமெரிக்கர்கள் அதை 'டிக்கர்' (dicker) என்பார்கள். மூலம் லத்தீன் 'டெக்கூரியா', பத்துப் பேர் கொண்ட குழு. பத்துத் தோல் சேர்ந்தால் ஒரு டிக்கர். அமெரிக்க எல்லைப்புறத்தில் பூர்வகுடிகளிடம் தோல் வாங்கியவர்கள் அந்தக் கணக்கில் பேசிப் பேசி, அளவுப் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது.

தாழை: முதல் பாதி சரி சார். இங்கிலாந்தின் நிலம், வரிகளைப் பதிந்த 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே ஏட்டிலேயே குளோஸ்டர் நகரம் அரசனுக்குக் கட்டிய வரி 36 டிக்கர் இரும்பு என்று இருக்கு. ஆனா இத்தனை நூற்றாண்டு இங்கிலாந்தில் புழங்கியும் அங்கே பேரம்ங்கிற பொருள் முளைக்கலை. 1800களின் தொடக்கத்தில் அமெரிக்காவில்தான் தலைகாட்டுது. நடுவில் பாலம் எங்கே? அகராதிகள் தோல் கதையை 'அநேகமாக' போட்டுத்தான் சொல்லுது. அந்த 'அநேகமாக'வை நீங்க முழுங்கிட்டீங்க.

எழிலன்77: அமெரிக்காவில் முளைத்ததுதானே என் சாட்சி! அங்கே தோல்தான் காசு. 1748இல் பூர்வகுடிகளிடம் தூதராக ஒஹாயோ பக்கம் போன கான்ராட் வைசர், ஒரு பீப்பாய் விஸ்கி 5 'பக்' என்று குறித்திருக்கிறார். பக் என்றால் ஆண்மான். டாலருக்கு இன்றும் அதே பெயர்.

தாழை: தோலை ஒவ்வொன்றா எண்ணினாங்கன்னுதானே அது காட்டுது? பத்துப் பத்தா கட்டினதுக்கு ஆதாரம் இல்லையே.

கடலைமிட்டாய்: குறுக்கே வர்றேன். பேரம் பேசுறதுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு சொல் இருக்கே, 'ஹேகில்' (haggle), அது எங்கிருந்து வந்துச்சு?

தாழை: வெட்டுறதுக்கான பழைய நார்ஸ் வேர், அதாவது பழைய ஸ்காண்டிநேவிய மொழி. ஆங்கிலத்தில் முதல்ல தாறுமாறா கொத்துறது, அப்புறம்தான் விலைத் தகராறு. அதில் சரக்கும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை.

எழிலன்77: ஒரு சொல் அப்படி வந்தால் எல்லாமே அப்படியா? இன்று மலிவு என்று பொருள்படும் 'சீப்' (cheap) பழைய ஆங்கிலத்தில் வணிகத்தைக் குறித்தது. லண்டன் சீப்சைடு சந்தைத் தெருவின் பெயரில் இருப்பது அதுதான். பேரம் பேசுவதற்கான 'சாஃபர்' (chaffer) என்ற பழைய சொல்லின் முன்பாதியும் அதுதான்.

தாழை: அதுக்கு எழுத்துச் சான்று வரிசையா இருக்கு சார். 1700களின் எல்லைப்புற வியாபாரி ஒருத்தர் கணக்குப் புத்தகத்தில் 'இத்தனை டிக்கர் தோல்'னு எழுதினதைக் காட்டுங்க, அன்னிக்கே கட்சி மாறிடுறேன்.

எழிலன்77: தேடுகிறேன். அதுவரை வேறு மூலம் ஏதாவது உங்கள் கைவசம் உண்டா? இல்லையென்றால் தோல்தான்.