வொர்க்கிங் மெமரிக்கு என்ன சொல் வைக்கலாம்?

விழுப்புரம், வியாழன்

குழும நண்பர்களுக்கு வணக்கம். பி.எட். மாணவர்களுக்கான கல்வி உளவியல் பாடக்குறிப்பைத் திங்கள்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 'வொர்க்கிங் மெமரி'யில் நின்றுவிட்டேன். 'குறுகிய கால நினைவு' என்றால் தப்பு. அது 1968-இல் உளவியலாளர்கள் அட்கின்சனும் ஷிஃப்ரினும் சொன்ன, நெடுநாள் நினைவுக்குப் போகுமுன் செய்தி தங்கும் இடைக்கிடங்கு. 1974-இல் பேட்லியும் ஹிட்சும் சொன்னது வேறு: மனத்தில் வைத்துக்கொண்டே அதை வைத்து வேலையும் செய்வது.

இன்று வகுப்பில் ஈ, பூ, கல், மீன், தேள் என்று வாசித்தேன். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். வண்ணத்துப்பூச்சி, முருங்கைக்காய், வெள்ளரிப்பிஞ்சு, பல்லாங்குழி, கிலுகிலுப்பை என்றதும் பாதிப் பேர் தடுமாறினார்கள். அப்புறம் 'ல ல ல' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கேட்கச் சொன்னேன். சின்னச் சொற்களும் நழுவின. முன்வரிசைப் பெண் ஒருத்தி விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள், மூன்றாவது விரலோடு நின்றுபோனது. மனத்துக்குள் சொல்லிச் சொல்லித்தான் பிடித்துவைக்கிறோம், ஏறக்குறைய இரண்டு வினாடிக்குள் சொல்லி முடிகிற அளவுக்கு. என் கையில் இருப்பவை பணிநினைவு, செயல்நினைவு. எது?

தஞ்சாவூர், வெள்ளி காலை

அம்மா, பணிநினைவு வேண்டாம். ஓய்வுபெற்றவர் தம் உத்தியோகக் காலத்தை எழுதியது போல இருக்கிறது. செயல்நினைவு 'செயலைப் பற்றிய நினைவு' என்று விரியும். வினைத்தொகை ஆக்கி 'இயங்குநினைவு' என்றாலாவது மூன்று காலமும் அடங்கும்.

எனக்கு 'நினைவு' மேலேயே ஐயம். 1316-ஆம் குறளில் உன்னை உள்ளினேன் என்கிறான் தலைவன். அப்படியானால் இடையில் மறந்தீரா என்று ஊடுகிறாள் அவள். நினைத்தல் என்றால் விட்டுப்போனதை மீட்பது என்றுதானே அவள் பொருள் கொண்டாள்? நீங்கள் கேட்பதோ இன்னும் விட்டுப்போகாததை ஏந்தியிருப்பது. மழைநீரை ஏந்தும் சிறு ஏரிக்கு ஏந்தல் என்று பெயர், ஊர்ப்பெயர்களில் இன்றும் இருக்கிறது. ஏந்து + உளம் = ஏந்துளம். இதை முன்வைக்கிறேன்.

கோவை, வெள்ளி மதியம்

ஐயா, குறள் விளக்கம் மிக அருமை. ஆனால் தேர்வறையில் ஏந்துளம் என்று கேள்வி வந்தால் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு விடை எழுதும்? நினைவு என்ற சொல் தெரிந்தால் பாதி புரிந்துவிடும். செயல்நினைவு போதும்.

நாகர்கோவில், வெள்ளி இரவு

எங்கள் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்தவர். வெண்பாவுக்கு ஈற்றடி, கணக்கு, முதுகில் விழும் நெல்மணிகளின் எண்ணிக்கை என்று பல இழைகளை ஒருவரே ஒரே நேரத்தில் தாங்கும் கலை அது. அவதானம் என்றால் கவனம், அதனால்தான் கவனகம் என்கிறோம். உளவியலாளர் நெல்சன் கோவனும் இதையே சொல்கிறார்: தனிக் கிடங்கு ஏதும் இல்லை, நெடுநாள் நினைவில் கவனத்தின் வெளிச்சம் படுகிற பகுதிதான் இது, நான்கு உருப்படி அளவுக்கு. ஆகவே 'கவனநினைவு'.

கோவை, சனி

அங்கேதான் இடிக்கிறது. பேட்லி சரியா, கோவன் சரியா என்று மாணவர் எடைபோட வேண்டிய பாடத்தில் பெயரே கோவனுக்கு வாக்குப் போட்டுவிடக் கூடாது. 'கிடங்கு' என்று வைத்தாலும் இதே குறைதான். 1970-இல் ஷாலிஸும் வாரிங்டனும் எழுதிய கே.எஃப். என்ற நோயாளியைப் பாருங்கள். காதால் கேட்ட சில எண்களைத் திருப்பிச் சொல்லவே திணறினார். ஆனாலும் புதியவற்றைக் கற்று நெடுநாள் வைத்துக்கொள்ள முடிந்தது. குறுகிய கால நினைவு வழியாகத்தான் எதுவும் உள்ளே போகும் என்ற 1968 மாதிரிக்கு அது பலத்த அடி. பேட்லிக்கும் சோதனை உண்டு. உதிரிச் சொற்கள் ஐந்தாறுதான் நிற்கின்றன, வாக்கியமாகக் கோத்தால் பதினைந்துகூட நிற்கின்றன. அந்த ஒட்டுவேலையைச் செய்ய 2000-இல் தம் மாதிரியின் மூன்று உறுப்புகளோடு 'எபிசோடிக் பஃபர்' என்ற நான்காம் உறுப்பை அவர் சேர்க்க வேண்டியதாயிற்று.

விழுப்புரம், சனி இரவு

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டுமே. கேட்டதைச் சொல்லிச் சொல்லிப் பிடிப்பதற்கு ஒலிச்சுழல், பார்த்ததைப் பிடிப்பதற்குக் காட்சிப்பலகை, சரி. இவற்றை நடத்துகிற 'சென்ட்ரல் எக்ஸிக்யூட்டிவ்'? வகுப்பில் மேஸ்திரி என்றேன், உடனே புரிந்தது. கல்லைத் தூக்குவதில்லை, யார் எதைத் தூக்குவது என்று சொல்வார்.

தஞ்சாவூர், ஞாயிறு காலை

மேஸ்திரி போர்த்துகீசியச் சொல். கண்காணி நம் சொல், கங்காணி என மருவியது. அதை வையுங்கள்.

ஹட்டன், ஞாயிறு

ஐயா, எங்கள் இலங்கை மலையகத்தில் கங்காணி என்றால் தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்தவர், கடனில் வைத்திருந்தவர். எங்கள் பாட்டன்மார் நெஞ்சில் கிடக்கிற சொல் அது. தயவுசெய்து பாடத்தில் வைக்காதீர்கள். மைய இயக்கி என்று இருக்கட்டும்.

விழுப்புரம், ஞாயிறு இரவு

மைய இயக்கி என்றே வைத்துவிட்டேன். நான்கு பேர் செயல்நினைவு என்கிறீர்கள், அதுவே அச்சுக்குப் போகிறது. இயங்குநினைவை அடைப்புக்குள் தந்திருக்கிறேன். 'எபிசோடிக் பஃபர்' மட்டும் இன்னும் ஆங்கிலமாகவே நிற்கிறது. காலை பத்து மணிவரை நேரம் இருக்கிறது.

தஞ்சாவூர், ஞாயிறு இரவு

என் கட்டுரைகளில் ஏந்துளம் என்றே எழுதுவேன். பஃபருக்கு 'கோவைத்தாங்கல்' என்று பாருங்கள், அம்மா. கோவை என்றால் கோத்தது, தாங்கலும் ஏரிதான்.