போர் ஓய்ந்த பிறகு வந்த கடிதங்கள்

"மனத்தை விட்டு அகலாத கடிதம்" என்ற தலைப்பில் ஒவ்வொருவரும் எழுதுவதைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். என் பங்கை எழுதத் தயக்கமாக இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வே அஞ்சல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஓடும் ரயிலில் நின்றபடியே கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்துப் பையில் போடுவது என் தொழில். எத்தனை லட்சம் கடிதங்கள் என் கையைத் தாண்டிப் போயின என்று எனக்கே தெரியாது. ஒன்றைக்கூடப் படித்ததில்லை. முகவரியைத் தாண்டிக் கண் போகக் கூடாது என்று முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அப்படிப்பட்டவன் முதன்முறையாக உட்கார்ந்து படித்த பிறர் கடிதங்கள் ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரியுடையவை. அவருடைய பெயர் ஹாரி ட்ரூமன், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்.

சென்ற ஆண்டு மகன் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். கேன்சஸ் சிட்டிக்குப் பக்கத்தில் வீடு. அங்கிருந்து சிறிது தூரத்தில் இன்டிபென்டன்ஸ் என்ற ஊரில் ட்ரூமன் நூலகம் இருக்கிறது. மகன் கூப்பிட்டபோது நான் ஆர்வமாகக் கிளம்பவில்லை. என் தலைமுறைக்கு ட்ரூமன் என்றால் ஹிரோஷிமா, நாகசாகி. அந்த எண்ணத்தோடுதான் போனேன். இன்றும் அது மாறவில்லை. அங்கே கண்ணாடிக்குள் ஒரு பழைய கடிதத்தைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில், உறையைத் தேடினேன். முதல் உலகப் போரில் கடல் கடந்து போன அமெரிக்கப் படையினருக்குத் தபால் கட்டணம் கிடையாது. அஞ்சல்தலை ஒட்ட வேண்டிய மூலையில் படையினர் தபால் என்று கையால் எழுதினால் போதும். சிப்பாய்களின் கடிதங்களை அவர்களுடைய அதிகாரி படித்துத் தணிக்கை செய்து கையெழுத்திட வேண்டும். அதிகாரியோ தன் கடிதத்துக்குத் தானே உறுதி கூறிக் கையெழுத்திடுவார். இதையெல்லாம் அன்று தெரிந்துகொண்டபோது, தொழில்காரனுக்கு உரிய ஆவல் பிடித்துக்கொண்டது. ட்ரூமன் தன் மனைவி பெஸ்ஸுக்கு எழுதியவற்றில் 1,300க்கும் மேற்பட்ட கடிதங்கள் அந்த நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து உதவ, 1918 நவம்பர் முதல் 1919 ஏப்ரல் வரை எழுதியவற்றைத் தேடித் தேடிப் படித்தேன்.

அந்த மாதங்களை ஏன் எடுத்தேன் என்று சொல்கிறேன். போர் 1918 நவம்பர் 11 அன்று ஓய்ந்தது. ட்ரூமன் ஊர் திரும்ப பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறியது 1919 ஏப்ரல் 9. இடையில் 149 நாள். சண்டை இல்லை, ஊருக்கும் போக முடியாது. அந்த நாட்களில் ஒரு மனிதன் வீட்டுக்கு என்ன எழுதுவான் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அவர் அப்போது முப்பத்து நான்கு வயதுக் கேப்டன். 129ஆம் பீரங்கி ரெஜிமென்ட்டின் டி பேட்டரி என்ற பீரங்கிக் குழு அவர் பொறுப்பில் இருந்தது. சுமார் இருநூறு பேர், பெரும்பாலும் கேன்சஸ் சிட்டியின் ஐரிஷ் கத்தோலிக்க இளைஞர்கள். ஊரில் அவர் பத்து ஆண்டுக்கு மேல் ஏர் பிடித்த விவசாயி. பெஸ் வாலஸ் அவர் ஆறு வயதில் ஞாயிறு பள்ளியில் பார்த்த பெண். 1911இல் கடிதம் மூலமாகவே திருமணம் பேசினார். பெஸ் மறுத்துவிட்டார். ஆனாலும் ட்ரூமன் தொடர்ந்து எழுதினார். 1917இல் ராணுவத்தில் சேர்ந்தபோது பெஸ் உடனே திருமணம் செய்துகொள்ளலாம் என்றார். இப்போது மறுத்தவர் இவர். கை கால் இழந்து திரும்பக்கூடிய ஒருவனோடு உன்னைக் கட்டிப்போட மாட்டேன் என்ற நினைப்பு. பெஸ்ஸின் புகைப்படத்தைச் சட்டையின் இடப்பக்கப் பையில் வைத்துக்கொண்டு பிரான்சுக்குப் போனார். போர் ஓயும் முன், வெர்டுன் பக்கத்துப் பதுங்குகுழி ஓரத்தில் பாறைக்கடியில் பூத்திருந்த இரண்டு சிறிய பூக்களைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்.

இதையெல்லாம் படித்து மனம் இளகியிருந்த நேரத்தில்தான் நவம்பர் 11ஆம் தேதிக் கடிதம் வந்தது. அன்று காலை, எதிரி கைவிடும் முன் 164 குண்டுகள் சுட்டேன் என்று எழுதுகிறார். அதோடு நிற்கவில்லை. ஜெர்மனிக்குள் புகுந்து நாசம் செய்ய முடியவில்லையே, அந்நாட்டுக் குழந்தைகளின் கை கால்களை வெட்ட முடியவில்லையே என்ற பொருளில் ஒரு வாக்கியம். நான் மருமகளிடம் இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். சரியாகத்தான் படித்திருந்தாள். கணினியை மூடிவிட்டேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. காதலிக்குப் பூ அனுப்பிய அதே கை. அதே கைதான் 27 ஆண்டு கழித்து, இரண்டு நகரங்கள் எரிந்ததற்கும் பொறுப்பேற்றது. போர்க்காலப் பிரச்சாரமும் களைப்பும் அப்படி எழுத வைத்தன என்று மகன் சொன்னான். இருக்கலாம். எனக்கு அந்த வாக்கியத்தை மன்னிக்கத் தோன்றவில்லை.

நான்கு நாள் கழித்துத்தான் மறுபடி திறந்தேன். நல்ல வேளை, திறந்தேன்.

முதலில் வருவது குதூகலம். இரவு முழுதும் பிரெஞ்சுப் பீரங்கிக்காரர்கள் குடித்துவிட்டு, வரிசையாக அவர் படுக்கையருகே வந்து சல்யூட் அடித்து வாழ்த்துக் கூவியதால் தூங்கவே முடியவில்லை என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். பிறகு விடுப்பில் பாரிஸ், நீஸ், மான்டி கார்லோ. அந்தப் பகுதிகளை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன். ஊர் சுற்றிப் பார்த்தவர்கள் எழுதுவது எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

டிசம்பருக்குப் பிறகு கடிதத்தின் நிறமே மாறுகிறது. மழை, சேறு, சீட்டாட்டம், குதிரைகளைப் பராமரிப்பது, மேலதிகாரிகளின் பார்வையிடல். சுமார் இருபது லட்சம் அமெரிக்கப் படையினர் ஐரோப்பாவில். அவர்களை அங்கே கொண்டுவந்த கப்பல்களில் ஏறக்குறையப் பாதி பிரிட்டிஷ் கப்பல்கள். போர் ஓய்ந்ததும் பிரிட்டனுக்குத் தன் ஆட்களை ஏற்றவே கப்பல் போதவில்லை. ஆக, எப்போது ஊர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சர்வதேச சங்கம் (ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடி) வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, ரஷ்யாவில் எந்த நிற அரசு இருந்தால் என்ன, எங்களை ஊருக்கு அனுப்புங்கள் என்று அந்தக் குளிர்காலத்தில் எழுதுகிறார். 1945இல் ஐக்கிய நாடுகள் சாசனம் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தானபோது அமெரிக்க ஜனாதிபதி இவர்தான்.

என்னை உலுக்கியது ஜனவரிக் கடிதம். அப்போது அமெரிக்கா முழுவதும் இன்ஃப்ளூயன்ஸா என்ற விஷக் காய்ச்சல் பரவியிருந்தது. அமெரிக்கப் படையினரில் போர்க்களத்தில் மாண்டவர்கள் சுமார் 53,000 பேர். அந்தக் காய்ச்சலில் அந்நாட்டில் மாண்டவர்கள் சுமார் 6,75,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேல். பெஸ்ஸுக்கும் காய்ச்சல் வந்தது, ட்ரூமனின் தங்கைக்கும் வந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் செய்தி வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். தன் படையில் தினமும் யாராவது ஒருவனுக்குத் தாயோ தங்கையோ காதலியோ இறந்த செய்தி வருகிறது என்றும், நாங்கள் இங்கே இவ்வளவு பத்திரமாக இருக்க, உலகத்தில் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தோமோ அவர்கள் எங்களைவிட அதிகமாகச் சாவின் அருகே இருந்திருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார்.

அந்த இடத்தில் நான் தபால்காரனாகிவிட்டேன். அந்தப் பைகள் எனக்குத் தெரியும். மரணச் செய்தியும் நலம் விசாரிப்பும் ஒரே பையில், ஒரே எடையில் வரும். பிரிப்பவனுக்கு எது எது என்று தெரியாது. இறந்துபோன பெண்ணுக்கு எழுதிய கடிதம் பிரான்சிலிருந்து மேற்கே போகும். அவள் இறந்த செய்தி கிழக்கே வரும். நடுக்கடலில் இரண்டு கப்பலும் ஒன்றையொன்று கடக்கும். என் பணிக்காலத்தில் "முகவரிதாரர் காலமானார்" என்று எழுதித் திரும்பிய கடிதங்களை அனுப்பியவரின் ஊருக்கு எத்தனையோ முறை பிரித்துப் போட்டிருக்கிறேன். அவற்றைப் போடும்போது மட்டும் கை சற்று நிற்கும்.

பிப்ரவரியில் திருமணப் பேச்சு வருகிறது. கையில் பணமில்லை, வீட்டைத் தவிரப் போக இடமில்லை, நான் வந்ததும் தாமதிக்காமல் திருமணத்துக்குத் தயாராகு என்கிறார். உங்கள் 35ஆம் டிவிஷன் முழுவதையும் அழைத்தாலும் எனக்குச் சம்மதம் என்று மார்ச்சில் பெஸ் பதில் எழுதினார். பெஸ்ஸின் கடிதங்கள் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. பின்னாளில் அவரே அவற்றை எரித்துவிட்டார். வரலாற்றை நினைத்துப் பார் என்று கணவர் தடுத்ததாகவும், நினைத்துப் பார்த்துவிட்டேன் என்று அவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. எரித்தது அவருடைய உரிமை. எழுதியவருக்கும் பெற்றவருக்கும் நடுவில் மூன்றாம் மனிதனுக்கு இடமில்லை என்று நம்பித்தான் நாங்கள் அத்தனை ஆண்டு வேலை செய்தோம். ஆனாலும் அந்த ஐந்து மாதத்தில் பெஸ் என்ன எழுதினார் என்று தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இதை எழுதும்போதும் தோன்றுகிறது.

கடைசியில் அவர்களை ஊர் சேர்த்தது செப்பலின் என்ற ஜெர்மானியக் கப்பல். 1919 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு அன்று நியூயார்க் வந்தது. ஜூன் 28 திருமணம். இன்டிபென்டன்ஸில் அவர்கள் வாழ்ந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்தேன். கடிதங்கள் வந்து சேர்ந்த வாசல் எது என்று தேடி, முன்வாசலில் சிறிது நேரம் நின்றேன்.

மறுமொழி, திண்டுக்கல்லிலிருந்து:

ஐயா, உங்கள் பதிவை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா ராணுவத்தில் சுபேதார். 1971 டிசம்பர் 17 அன்று பாகிஸ்தானோடு சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் கேட்டு எங்கள் தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். அடுத்த வாரமே அப்பா வந்துவிடுவார் என்று எனக்குச் சொன்னார்கள். எனக்கு ஏழு வயது. சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலையில். படைகள் பழைய எல்லைக்குத் திரும்பியதோ அந்த ஆண்டு டிசம்பரில். அவ்வளவு நாளும் அப்பா ராஜஸ்தான் பக்கம் மணலில் இருந்தார். நடுவில் ஒரே ஒரு முறை விடுப்பு. மற்றபடி இன்லேண்ட் லெட்டர்தான். சண்டை நடந்தபோது "நலம், கவலை வேண்டாம்" என்ற ஒரே வரி. சண்டை நின்ற பிறகு நான்கு பக்கமும் நிரம்ப எழுத ஆரம்பித்தார். கிணற்று மோட்டாருக்கு வயர் மாற்றியாயிற்றா, கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுத்தீர்களா, பாப்பாவுக்குப் பல் விழுந்ததா என்று ஒன்றுவிடாமல் கேட்பார். சண்டை நேரத்தில் வராத பயம் அவருக்கு அப்போதுதான் வந்தது என்று அம்மா இன்று முதன்முறையாகச் சொன்னார். 1973 பொங்கலுக்கு வீட்டில் இருந்தார். கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. மடிப்பெல்லாம் கிழிகிறது.

மறுமொழி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்:

ஒரு சிறு சேர்க்கை. பிரிட்டிஷ் படையில் இந்தக் காத்திருப்பு கலகமாகவே வெடித்தது. தொழிலுக்கு உடனே தேவைப்படுவோரை முதலில் விடுவிப்பது என்று திட்டம் போட்டார்கள். அப்படிப்பட்டவர்களில் பலர் கடைசியாகப் படைக்கு வந்தவர்கள். 1914இலிருந்து குண்டடி பட்டவன் காத்திருக்க, நேற்று வந்தவன் ஊருக்குப் போனான். 1919 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் பிரான்சுக்குத் திரும்பும் கப்பலில் ஏற மறுத்தார்கள். அம்மாதம் போர்த்துறை அமைச்சராக வந்த சர்ச்சில், சேவைக்காலம், வயது, காயம் இவற்றை வைத்து முறையை மாற்றினார்.

நம் ஆட்கள்? மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவினர் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) வேலை செய்தவர்கள். அந்த நாட்டில் இந்தியப் படைகள் 1920 கிளர்ச்சியின்போதும் இருந்தன. பிரான்சிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தணிக்கை அதிகாரிகள் ஆங்கிலத்தில் பெயர்த்துவைத்த பகுதிகள். மூலக் கடிதம் ஊருக்குப் போய்விட்டது. போன இடத்தில் கரையானுக்கு இரையாகியிருக்கும். எந்த மொழியில் எந்தச் சொல்லால் மனைவியை விசாரித்தான் என்பது நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

பதிவிட்டவர்:

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. திண்டுக்கல் அம்மா, உங்கள் அப்பாவின் கடிதங்கள் எந்த வழியில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அனுப்பியவர் முகவரியில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று ராணுவ அஞ்சலகத்தின் எண் இருக்கும், பாருங்கள். இடத்தின் பெயர் இருக்காது. அந்தப் பைகளை நாங்கள் மற்றவற்றுக்கு முன்னால் எடுப்போம்.

அந்தக் கடிதங்களை லாமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் மை போய்விடும், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம். மடிப்பை மெதுவாகத் திறந்து, இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். முத்திரை விழுந்த பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். தேதி அங்கேதான் இருக்கும். பிறகு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். அம்மாவால் முடிந்தால் தேதி வரிசைப்படி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொல்லி, கிணற்று மோட்டாருக்கு வயர் மாற்றினார்களா என்று எங்களுக்கும் எழுதுங்கள்.